உரிமம் பெற்றவர்: ஹனா, வயது ஆறு

பதுளை பஸார் வீதியில் ஸிஹாமா ஸ்டோர்ஸ் என்றொரு விதைக்கடை இருக்கிறது. ஸிஹாமா அந்தக் கடையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அவள் கடை முதலாளி இப்றாஹீம் ஹாஜியாரின் மூத்த மகள். கடை திறந்தபோது அவளுக்கு இரண்டு வயது. இப்போது கல்முனையில் மூன்று பிள்ளைகளுக்குத் தாய். வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் குடும்ப லொறியின் நெற்றியில் ஜெனீரா என்று எழுதியிருக்கும். அது இரண்டாவது மகள். எதைத் தொடங்கினாலும் பிள்ளையின் பெயரில் தொடங்கினால் பரக்கத் பெருகும் என்பது ஹாஜியாரின் நம்பிக்கை. கடைக்குட்டியான நப்ரீஸின் பெயர் மட்டும் எதிலும் இல்லை. அவன் பிறந்த நேரத்தில் வீட்டில் புதிதாக வாங்குவதற்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

ஹம்ஸியா இந்த வீட்டுக்கு நப்ரீஸின் மனைவியாக வந்து எட்டு வருடம். வெலிமடைப் பாறூக்கின் மகள், விவசாயத்தில் டிப்ளோமா முடித்தவள். வந்த மூன்றாம் மாதமே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். விதை வாங்க வருகிறவர்கள் பையிலிருந்து வாடிய இலை ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, என்ன நோய், என்ன செய்வது என்று சொல்வாள். பிறகு இலைகள் வாட்ஸ்அப்பில் படமாக வரத் தொடங்கின. நாலு வருடத்தில் அது தொள்ளாயிரம் பேர் கொண்ட குழுவாகிவிட்டது. வெலிமடைத் தோட்டக்காரர்களும், தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டிருக்கிற, கொழுந்து பறிக்கிற பெண்களும் அதில் இருந்தார்கள். எல்லோருக்கும் அவள் 'மிஸ்'.

தொல்லை என்னவென்றால், ஒரே கேள்வி பத்துத் தடவை வரும். திங்கட்கிழமை அவள் எழுதிய பதிலை புதன்கிழமைக்குள் பிறந்தநாள் வாழ்த்தும் முருகன் படமும் ஜும்ஆ முபாரக்கும் மூடிவிடும். கேட்டவர் மறுபடி கேட்பார். அவள் மறுபடி எழுதுவாள்.

"இதுக்கு ஒரு கருத்துக்களம் போடணும் அக்கா," என்றான் அஜந்தன். அவன் குழுவிலிருக்கிற தெமோதரைத் தோட்டத்து விஜயலெட்சுமியின் மகன். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறான். அன்று அம்மாவுக்கு உருளைக்கிழங்கு விதை வாங்க வந்திருந்தான். "ஒவ்வொரு கேள்வியும் ஒரு தலைப்பா அப்படியே நிக்கும். அடுத்த வருசம் தேடினாலும் கெடைக்கும். சரியான பதிலுக்குப் பச்சையில சரி போடலாம்."

ஹம்ஸியாவின் முகம் மலர்ந்ததை நப்ரீஸ் கல்லாவிலிருந்து பார்த்தான். அதற்குப் பிறகு அந்த விஷயம் அவனுடையதுமாகிவிட்டது.

மறுவாரம் அஜந்தன் மடிக்கணினியோடு வந்தபோது, நப்ரீஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தான்.

"பக்கத்துக் கடை ஜாபிர் தந்தான். உலகத்துலயே நல்ல மென்பொருளாம். ஓசி. டொலர் என்னத்துக்குக் குடுக்கணும்?"

அஜந்தன் அதைத் தொடவில்லை. "ஓசியிலயும் ரெண்டு வகை இருக்குங்க நானா. ஒண்ணு, எழுதினவங்களே எல்லாருக்கும்னு விட்டது. எடுக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம். அதோட லைசன்லயே அப்படித்தான் எழுதியிருக்கும். இது அப்படி இல்ல. காசுக்கு விக்கிறத, பூட்ட ஒடச்சு எடுத்தது."

"பூட்டு ஒடஞ்சா என்ன, வீடு நல்ல வீடுதானே?"

"ஒடஞ்ச பூட்டு வீட்டுக்குள்ள நீங்க மட்டுந்தான் வருவீங்களா?"

ஹம்ஸியா ஸ்டூலிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "நேத்து ஒருத்தன் லேபல் இல்லாத போஞ்சி விதை கொண்டந்தானே. அவன்ட்ட என்ன சொன்னீங்க?"

"வெளிய போ எண்டேன்."

"அப்ப அதையும் ஜாபிர் நானாட்டயே குடுத்துருங்க."

நப்ரீஸ் பென் டிரைவைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான். அவன் காது சிவந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நேர்மையான வழியில் மூன்று மென்பொருள்கள் இருந்தன. முதலாவது இலவசம். ஆனால் அதற்கு இணையத்தில் இடம் பிடித்து, பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்து, ஒவ்வொரு மாதமும் புதுப்பித்துப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். "நான் செய்வேன் அக்கா. ஆனா மழைக்கு எங்க பக்கம் சிக்னல் போச்சுன்னா ரெண்டு நாளைக்கு நான் ஆளே இல்ல," என்றான் அஜந்தன். இரண்டாவதற்கு மாதாமாதம் கட்டணம். மூன்றாவதற்கு வருட உரிமம். விற்கிறவர்களே தங்கள் கணினியில் வைத்து நடத்திக் கொடுப்பார்கள். ஓர் உரிமத்துக்கு ஒரு களம்தான்.

"ஒரு களந்தானா?" நப்ரீஸுக்கு அது பொறுக்கவில்லை. "விதைப் பக்கற் வாங்கினா, எத்தன பாத்தியில போடப் போறீங்க எண்டு கம்பனி கேக்குமா?"

"நீங்க வாங்கிறது விதை இல்லங்க நானா. குத்தகைக் காணி மாதிரி. ஒங்க பேர்ல இருக்கிற வரைக்கும் ஒங்க பயிர். வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்க, ஹம்ஸியா வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் புது விதை வந்தால், ஈரத்துணியில் பத்தை எண்ணி வைத்துச் சுருட்டி, ஒரு வாரம் கழித்து விரித்துப் பார்ப்பாள். எட்டுக்குக் குறைவாக முளைத்திருந்தால் பெட்டி திரும்பிப் போய்விடும். மென்பொருளுக்கும் அவள் அதையே செய்தாள். மூன்றிலும் முன்னோட்டக் கணக்குத் திறந்து, ஒரே பத்துக் கேள்வி பதில்களைப் படத்தோடு போட்டாள். பிறகு தெமோதரைக்குத் தொலைபேசி எடுத்து, விஜயலெட்சுமியைத் தன் சொந்த வார்த்தையில் தேடிப் பார்க்கச் சொன்னாள். தேடியது கிடைத்தால் முளைத்தது, கிடைக்காவிட்டால் சொத்தை.

"மிஸ், 'கெழங்கு எல கரியுது'ன்னு போட்டேன். முதல்ல உள்ளதுல ஒண்ணுமே வரல," என்றாள் விஜயலெட்சுமி. "ரெண்டாவதுல பதில் வந்திருச்சு. படந்தான் சுத்திக்கிட்டே இருக்கு. நான் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வந்து பாத்தேன், இன்னும் சுத்துது."

முதலாவதில் ஆறு முளைத்தது. இரண்டாவதில் ஏழு. மூன்றாவதில் ஒன்பது.

"மூணாவது," என்றாள் ஹம்ஸியா. அதோடு தீர்மானமாயிற்று.

"வாங்கிற வேலய எனக்கு விடு," என்றான் நப்ரீஸ். "நீ எழுதிற வேலயப் பாரு. இது நான் தார சாமான்."

அவள் அவனைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் தங்க வளையலோடு அவன் நின்ற அதே நிலை. ஒரு கால் முன்னால், கை பின்னால். சரி என்று தலையாட்டினாள்.

மூன்று மாதம், மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம், ஹம்ஸியா உட்கார்ந்து எழுதினாள். குழுவில் சிதறிக் கிடந்த தன் பதில்களைத் தேடியெடுத்து, திருத்தி, கூட்டி, படம் சேர்த்து நேராகக் களத்திலேயே ஏற்றினாள். கிழங்கு, லீக்ஸ், கரட், போஞ்சி என்று இருநூற்றுப் பன்னிரண்டு பதில்கள். வேறெங்கும் பிரதி இல்லை. நப்ரீஸ் அந்த ஒரு மணித்தியாலம் மகள் ஹனாவை வைத்துக்கொண்டு, அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாகச் சொல்லி, அவளோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.

களம் ஒரு வியாழக்கிழமை காலை எல்லோருக்கும் திறந்தது. விஜயலெட்சுமிதான் முதலில் பதிந்தாள். மத்தியானத்துக்குள் முந்நூறு பேர் வந்துவிட்டார்கள். மூன்று மணிக்கு ஹம்ஸியா ஒரு பதில் எழுதி அனுப்பியபோது, பக்கம் முழுவதும் வெள்ளையாகி, நடுவில் ஆங்கிலத்தில் நாலு வரி வந்தது.

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். பொதுமக்களுக்குத் திறக்கும் களங்களின் உரிமத்தை ஒருமுறை சரிபார்ப்பது வழக்கம். இந்த உரிமம் பெற்றவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்று தெரிவதால் களம் பூட்டப்பட்டுள்ளது. மூன்று நாளுக்குள் உரிமத்தை வயது வந்த ஒருவருக்கு மாற்றாவிட்டால், களமும் அதிலுள்ள அனைத்தும் அழிக்கப்படும்.

கீழே சிறிய எழுத்தில் இருந்தது: உரிமம் பெற்றவர், ஹனா நப்ரீஸ்.

"இஞ்ச வாங்க," என்று கூப்பிட்டாள். குரல் வித்தியாசமாக இருந்ததால் நப்ரீஸ் கையிலிருந்த தராசுத் தட்டோடேயே வந்தான்.

"லைசன் யார்ட பேர்ல எடுத்தீங்க?"

"ஹனாட பேர்லதான்." அவனுக்கு அதில் ஒளிக்க எதுவுமில்லை. "வேற யார்ட பேர்ல எடுக்கிற?"

"பிறந்த திகதி?"

"கேட்டான், போட்டேன். பொய்யா போடச் சொல்ற?"

கல்லாவிலிருந்து ஹாஜியார் எட்டிப் பார்த்தார். "என்ன பிரச்சின? முப்பத்தஞ்சு வருசமா ஜெனீராட பேர்ல லொறி ஓடுது. எந்தப் பொலிஸ்காரன் அவள்ட்ட லைசன் கேட்டான்?"

ஹம்ஸியா திரையை நப்ரீஸின் பக்கம் திருப்பி, நாலு வரியையும் தமிழில் சொன்னாள். இருநூற்றுப் பன்னிரண்டு பதிலும் போய்விடும் என்றாள்.

தராசுத் தட்டு அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. "நாளைக்கே மாத்தலாம், ஹம்ஸி. எண்ட பேருக்கு மாத்தலாம். இல்லாட்டி வாப்பாட பேருக்கு. அஜந்தன்ட்ட கேப்பம்."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஸ்டூலிலிருந்து எழும்பி, மாடியிலிருக்கிற வீட்டுக்குப் போய்விட்டாள்.

நப்ரீஸுக்கு விளங்கவில்லை. மாற்றலாம் என்றுதானே சொன்னான்? இரவுச் சாப்பாட்டில் ரொட்டி இருந்தது, கறி இருந்தது, பேச்சு இல்லை. "உப்பு வேணுமா?" என்றான். "இல்ல," என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவள், களம் வந்ததால் பூட்டியிருந்த பழைய வாட்ஸ்அப் குழுவை மறுபடி திறந்துவிட்டு, களத்தில் ஒரு சின்னத் தடங்கல், கேள்விகளை இங்கேயே கேளுங்கள் என்று எழுதினாள். இலைகள் வரத் தொடங்கின. மழைக்காலம், கிழங்குச் செடிகள் கருகுகிற காலம். அவள் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினாள். கல்லாப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த நப்ரீஸ், தொப்பியைக்கூடக் கழற்றாமல் கடைப் படியில் நின்று தன் போனில் எதையோ தட்டினான். ஹம்ஸியாவின் போன் ஒலித்தது. குழுவில் புதுக் கேள்வி.

'மிஸ், எங்கட வீட்டில ஒரு ஆள் நேத்தில இருந்து வாடிப் போய் ஈக்கு. பேசுறதும் இல்ல. என்ன மருந்து அடிக்கிற?'

தொள்ளாயிரம் பேர் இருக்கிற குழு. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதல் பதில் பெரகலயிலிருந்து மாரிசாமி எழுதினார். 'நல்ல சேலையா ஒண்ணு எடுத்துக் குடுங்க முதலாளி. ஒரே நாள்ல துளிர்க்கும்.' பண்டாரவளை அர்ஷாத் எழுதினார்: 'இதே நோய் எங்கட வீட்டிலயும் ஈக்கு. பதில் கெடச்சா எனக்கும் அனுப்புங்க.' அதற்குக் கீழே சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்தன. ஒரு பெண் மட்டும் கோபமாக, இது பயிர்க் குழு என்று ஞாபகப்படுத்தினாள்.

பிறகு விஜயலெட்சுமியின் குரல் பதிவு வந்தது. பின்னால் லயத்துத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. "முதலாளி, வாடினதுக்கு எலயப் பாத்து மருந்து அடிக்காதீங்க. மண்ணக் கிளறி மொதல்ல வேரப் பாருங்கன்னு மிஸ் தானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க? நீங்க கடைக்குள்ளயே தானே இருந்தீங்க, கேக்கலயா?"

நப்ரீஸ் அதை இரண்டு தடவை கேட்டான். படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பின்னேரம் அவன் மாடிக்கு வந்தபோது, ஹம்ஸியா குசினியில் கரட் சீவிக்கொண்டிருந்தாள். அவன் கதவுநிலையில் சாய்ந்துகொண்டான்.

"சின்னதுல நான் லொறிக்கு முன்னால நிண்டு ஜெனீரா ராத்தாட பேரப் பாத்துட்டே ஈப்பேன்," என்றான். "எண்ட பேரு ஏன் ஒண்டுலயும் இல்ல எண்டு வாப்பாட்டக் கேட்டதும் இல்ல. ஹனாக்கு அப்படி ஈக்கக் கூடாது எண்டுதான் எனக்கு. எங்கட மொதச் சாமான், அவள்ட பேர்ல வரட்டும் எண்டு."

கரட் சீவுகிற கை நின்றது.

"எனக்கு அது வெளங்குது," என்றாள் அவள். "ஹனாட பேரு போட்டதுக்கு எனக்குக் கோவமே வரல்ல. பிழையாப் போச்சு எண்டு தெரிஞ்ச பிறகு நீங்க என்ன சொன்னீங்க? எண்ட பேருக்கு மாத்தலாம், வாப்பாட பேருக்கு மாத்தலாம். நான் பக்கத்துலதான் ஈந்தேன்."

எங்கே தோண்டினால் என்ன கிடைக்கும் என்று நப்ரீஸுக்கு இப்போது தெரிந்துவிட்டது. கிடைத்ததைப் பார்த்து அவன் முகம் வெளுத்தது.

"அல்லாவே," என்றான் மெதுவாக. "எனக்கு நெனப்பே வரல்ல, ஹம்ஸி."

"அதுதான் நோய்," என்றாள் அவள். ஒரு துண்டுக் கரட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

உரிமம் மாற்றும் படிவம் ஒரு பக்கம்தான். அஜந்தன் போனில் ஒவ்வொரு கட்டத்தையும் விளக்கினான். ஆனால் எழுதியது நப்ரீஸ். ஹம்ஸியாவைப் பார்க்கவிடவில்லை. ஒரே சிக்கல், இப்போது உரிமம் வைத்திருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். ஹனா முதலாம் வகுப்பில் படிக்கிறவள். படிவத்தை அவள் முன்னால் வைத்தபோது பென்சிலை எடுக்கவில்லை.

"இது எண்டயா?" என்றாள்.

"ஓம் மகள், இப்ப ஒண்டதான். உம்மாக்குக் குடுக்கப் போறம்."

"குடுத்தா எனக்கு என்ன தருவீங்க?"

"என்ன வேணும்?"

ஹனா யோசித்தாள். "நான் கீறின படத்த மேல போடணும். கண்ணு வெச்ச கெழங்கு."

"போடலாம்," என்றான் நப்ரீஸ். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கட்டத்துக்குள் எழுத வேண்டியதை மூன்று கட்டத்தில் எழுதினாள். அதன் கீழே தகப்பனார் என்று நப்ரீஸும் கையொப்பமிட்டான். படிவம் வெள்ளிக்கிழமையே போய்விட்டது.

சனி முழுவதும் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரையும் இல்லை. மூன்று மணியோடு தவணை முடியும். கடை பூட்டிய நாள்; ஆனாலும் இருவரும் கடைக்குள்ளேயே இருந்தார்கள். ஹம்ஸியா ஸ்டூலில், நப்ரீஸ் விதை மூட்டையில். வெளியே பஸார் வீதி நனைந்து வெறிச்சோடிக் கிடந்தது. "வராட்டி நான் எழுதித் தாரன்," என்றான் அவன். "நீ சொல்லு, இருநூத்திப் பன்னெண்டையும் நான் எழுதிறன்."

"உங்கட எழுத்த யார் வாசிக்கிற?"

"அதுவும் சரிதான்."

இரண்டு மணி பத்துக்கு அவள் போன் ஒலித்தது. புதிய உரிமதாரருக்கு வாழ்த்துகள் என்று தொடங்கியது மின்னஞ்சல். கீழே, விண்ணப்பத்தின் பிரதி அப்படியே இருந்தது.

புதிய உரிமதாரரின் பெயர்: பாறூக் பாத்திமா ஹம்ஸியா.

அவள் அந்த வரியில் நின்றாள். நிக்காஹ் பதிவில் எழுதிய நாளுக்குப் பிறகு யாரும் அவள் பெயரை அப்படி முழுதாக எழுதியதில்லை. பள்ளிக்கூட ரிப்போட்டில் ஹனாவின் தாய், கடையில் மிஸ், வீட்டில் மருமகள். இவன் அதை எங்கே பத்திரப்படுத்தி வைத்திருந்தான்?

மாற்றுவதற்கான காரணம் என்ற கட்டத்தில் அவன் தமிழிலேயே எழுதியிருந்தான். கம்பனிக்காரன் எதைக்கொண்டு அதை வாசித்தானோ தெரியாது.

'ஹனா என் மகள். வயது ஆறு. அவளுக்குக் கிழங்கு தின்னத்தான் தெரியும். இந்தக் களத்தில் உள்ள எல்லாப் பதிலையும் எழுதியவர் என் மனைவி. எங்கள் பகுதியில் அவரைக் கேட்காமல் யாரும் மருந்து அடிப்பதில்லை. நான் மட்டும் கேட்காமல் இருந்துவிட்டேன். ஆகவே உரியவரின் பெயருக்கு மாற்றித் தரவும்.'

ஹம்ஸியா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"என்ன, தரமாட்டானாமா?" நப்ரீஸ் மூட்டையிலிருந்து எழும்பிவிட்டான்.

"தந்துட்டான்."

"அப்ப என்னத்துக்கு அழுற?"

"நீங்க போய் உங்கட வேலயப் பாருங்க," என்றாள். அவன் போகவில்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். இருவரும் சேர்ந்து களத்தைத் திறந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டும் இருந்தன. அவள் ஒவ்வொரு பிரிவாகத் திறந்து எண்ணிப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

பின்னேரம் ஹனாவின் படம் களத்தின் மேல் ஏறியது. இரண்டு கண்ணும் ஒரு பக்கமாகப் பார்க்கிற மண்நிறக் கிழங்கு. ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடியில் இருந்த பெயரைச் சத்தமாக வாசித்தார். "பாறூக் பாத்திமா ஹம்ஸியா. அதுவும் ஒரு புள்ளட பேர்தானே, பாறூக்ட புள்ளட பேர்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, திருப்தியோடு கண்ணாடியைக் கழற்றினார்.

திங்கட்கிழமை காலை களத்தில் விழுந்த முதல் கேள்வி நப்ரீஸினுடையது. குழுவில் கேட்டதையே தலைப்பாகப் போட்டிருந்தான்: 'வீட்டில் ஒரு ஆள் வாடிப் போய் ஈக்கு.' அதற்குக் கீழே மாரிசாமியின் சேலையும், அர்ஷாத்தின் புலம்பலும், வேரைப் பார்க்கச் சொன்ன விஜயலெட்சுமியின் பதிலும் மறுபடி வந்து சேர்ந்திருந்தன. எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியாமல், அவன் அதைக் கிழங்குப் பிரிவில் போட்டிருந்தான்.

ஹம்ஸியா அதை அங்கிருந்து அகற்றவில்லை. கல்லாவிலிருந்து அவன் பார்த்துக்கொண்டிருக்க, விஜயலெட்சுமியின் பதிலுக்குப் பக்கத்தில் பச்சையில் சரி போட்டாள்.